எண்பத்தொன்று

மூலக்கொத்தளத்தில் தர்பூசணி லாரி வந்து நிற்கும்.
மேலே ஒருவன் எறிவான், கீழே ஒருவன் பிடிப்பான்.
அந்தக் கீழே ஒருவன்தான் தேசப்பன்.
ஒரு கோடை முழுக்க ஒரு காய்கூட உடையவில்லை என்று
வியாபாரி அவனுக்கு மட்டும்
நாளுக்குப் பத்து ரூபாய் கூடக் கொடுத்தார்.

அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்கள் என்று சொல்லமாட்டேன்.
தேர்வுக்கு நானூறு பேர் வந்திருந்தோம்,
பாதிப் பேர் கால்பந்து என்று நம்பி.
பந்தை எடுத்துக் காட்டியதும் சிரிப்பு.
இரண்டு முனையும் கூர், நடுவில் தையல்,
யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி.
"இன்னாடா இது, பனங்கொட்டையா?"
தேசப்பன் சிரிக்கவில்லை.
வாங்கி, உள்ளங்கையில் தூக்கி எடை பார்த்தான்.

நான் எறிபவன். அவன் வாங்குபவன்.
அமெரிக்கன் ஃபுட்பாலில் இதற்கெல்லாம் பெயர் உண்டு.
எங்களுக்குள் "போடு", "வந்துச்சு", அவ்வளவுதான்.
மூன்று சீசன். சட்டையில் எண்பத்தொன்று.
முதல் ஆட்டத்திலேயே இடது மோதிரவிரல் பிசகி
வளைந்தபடியே ஒட்டிக்கொண்டது.
ஸ்டான்லியில் கட்டுப்போட்ட டாக்டர்
என்ன விளையாட்டு என்று இரண்டு முறை கேட்டுவிட்டு
"கீழே விழுந்தது" என்று எழுதிக்கொண்டார்.
கொருக்குப்பேட்டை கேட் மூடினால் பயிற்சிக்கு லேட்.
வெளிநாட்டிலிருந்து வந்த கோச்சுக்கு
சரக்கு ரயிலின் நீளம் கடைசிவரை புரியவில்லை.

புனேயில் இறுதி ஆட்டம். நான்கு விநாடி பாக்கி.
நான் எறிந்ததிலேயே நல்ல பந்து அது,
சுழன்று, தலை ஆடாமல்,
அவன் நெஞ்சுக்கு நேரே.
பட்டது. நழுவியது.
இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை,
பதினோரு வருடமாகத் தேடிவிட்டேன்.

தெருவில் ஆளாளுக்குச் சொன்னார்கள்
கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று.
"கைக்கு எட்றது மட்டும்தான் என் வேலை" என்றான்,
"வாய் வேற டிபார்ட்மென்ட்."

நான்காவது சீசன் வரவில்லை.
கடைசிச் செக் போன வேகத்தில் திரும்பி வந்தது.
அந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் போனவனை
மின்ட் சிக்னலில் நிறுத்தினார் போலீஸ்காரர்.
கம்பிக்குப் பின்னால் இருந்த முகத்தை உற்றுப் பார்த்து
ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை,
விளையாட்டுக் கவசம், என்று அபராதம் எழுதினார்.
தேசப்பன் ஆட்டக்காரனாக இருந்தான் என்பதற்கு
எழுத்தில் உள்ள ஒரே அத்தாட்சி அந்த ரசீது.
பத்திரமாக வைத்திருக்கிறான்.

இப்போது அவன் கோச்.
தண்டையார்பேட்டையில் ஒரு கார்ப்பரேஷன் மைதானம்,
பதினான்கு பெண்கள்.
கவசம் கிடையாது, மோதல் கிடையாது,
இடுப்பில் தொங்கும் துணிப்பட்டையைப் பிடுங்கினால்
ஓடுகிறவள் நின்றுவிட வேண்டும்.
ஒரே ஒரு சிக்கல், வெளியே சொல்லாதீர்கள்:
அவனுக்கு எறிய வராது.
வாங்கியே பழகிய கை.
அவன் விட்ட பந்து நடுவானில் தள்ளாடி
மணலிப் பக்கம் போகும்.
பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.
ரெபெக்காள் பொத்தமாட்டாள்.

அதனால் சனிக்கிழமை ராத்திரி எனக்கு போன்.
எண்ணூரில் கண்டெய்னரை இறக்கிவிட்டு
தூங்காமல், டீசல் நாற்றத்தோடு வந்து நிற்பேன்.
"போடு" என்பான். போடுவேன்.
ரெபெக்காள் நேராகப் பத்தடி ஓடி
சட்டென்று உள்ளே வெட்டுவாள்.
கோட்டுக்கு வெளியே விசிலைக் கடித்தபடி அவன் கத்துவான்:
"கைய பாக்காத, பந்தப் பாரு! அது எங்கயும் பூடாது!"

எங்கள் இருவருக்கும் தெரியும், அது போகும்.

பந்து என் கையை விட்டுக் கிளம்பும்போதெல்லாம்
அவனுடைய இரண்டு கையும் தானாக மேலே எழும்,
கட்டைவிரல்கள் நெருங்கி, மற்றவை விரிந்து,
அந்த வளைந்த விரல் மட்டும் வேறு திசை பார்த்து.
பந்து அவனைத் தாண்டிப் போய்விடும்.
எழுந்த கையை என்ன செய்வதென்று தெரியாமல்
தட்டிவிடுவான்.
பெண்கள் நினைத்துக்கொள்வார்கள்
தங்களுக்கென்று.